கழுத்துக்கு மட்டும் நெருப்பு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. கனடாவில், ஸ்காபரோவில் இருந்து மச்சான் வட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "மச்சான், தோட்டாட கழுத்து வெடிக்குது. மாமாட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லு" என்றான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை வைத்துவிட்டு எழும்பிப் போய், ரோட்டுப் பக்க யன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சாரலுக்குத்தான் சாத்தினேன் என்று பிறகு சொன்னார். அந்த யன்னலில் சாரல் அடிப்பதில்லை.

யுத்தம் முடிந்த 2009-இல் பிறந்த பிள்ளைகள் ஓ.எல். வகுப்புக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் சில சொற்களைச் சத்தமாகச் சொல்வதில்லை. மச்சான் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அவனுக்கு அது மறந்துபோய்விட்டது. மறந்தது நல்லதுதான்.

எனக்கு மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு லேத் கடை இருக்கிறது. தண்ணீர்ப் பம்புக்குப் புஷ் கடைவது, வேளாண்மை வெட்டும் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையில் இருந்து வரும் மெஷின்களுக்கு சாஃப்ட் போடுவது, இதுதான் பிழைப்பு. எனக்கு முந்தி இதே கொட்டிலில் அப்பா பித்தளை வேலை செய்தார். குடம், செம்பு, வட்டா, படிக்கம், குத்துவிளக்கு. புதிதாகச் செய்ததைவிட நெளிந்ததை நிமிர்த்தியதும் வெடித்ததை ஒட்டியதும்தான் கூட. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கப் போகிறது என்றால் அதற்கு ஒரு மாதம் முந்தியே கோயில் பாத்திரங்கள் மூட்டையாக வந்து இறங்கும். இப்போது அவருக்கு 78. கை நடுங்குகிறது. காலையில் வந்து வாசலோரம் கதிரை போட்டு இருந்து, நான் செய்வதையெல்லாம் பிழை என்பார்.

மச்சானின் பைத்தியம் வேட்டை. ஒன்ராறியோவில் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கு அனுமதி கொடுப்பார்களாம். துப்பாக்கி உரிமத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு பரீட்சை; வேட்டைக்கு வேறு வகுப்பு, வேறு பரீட்சை. எல்லாம் முடித்து அவன் வாங்கியது ஒரு பழைய லீ-என்ஃபீல்ட், நாலாம் நம்பர். பிரித்தானியப் படை தூக்கிய துப்பாக்கி. எங்கள் ஊர்களிலும் பொலிஸ்காரர் தோளில் பார்த்ததுதான். ஆனால் இவனுடையது இங்கிலாந்தில் செய்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து லோங் பிரான்ச்சில் ஒரு தொழிற்சாலை தொடங்கி, 1941-இல் இருந்து லட்சக்கணக்கில் அங்கே செய்தார்கள். இப்போது அவன் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிற இடம். "நம்மட ஊர்த் துவக்கு மச்சான்" என்கிறான். எந்த ஊரைச் சொல்கிறான் என்று கேட்கவில்லை.

இந்தத் துப்பாக்கியின் ரவைக்கு .303 என்று பெயர். அளவுக்கருவியோடு பிழைக்கிறவனுக்கு இந்தப் பெயரே ஒரு எரிச்சல். 0.303 அங்குலம் என்பது குழலின் துளை. உள்ளால் பறந்து போகிற தலைப்பாகமான சன்னமோ 0.311, 0.312, அதாவது 7.9 மில்லிமீற்றர். கடையில் வாங்கும் ரவை விலை கூட. வெடித்த பிறகு மருந்தும் சன்னமும் போய்விடும். பித்தளைக் கோது மிஞ்சும். அதுதான் ரவையில் விலை கூடிய பாகமும். ஆகவே கோதைப் பொறுக்கி வந்து, டை என்கிற இரும்பு அச்சுக்குள் அமத்திப் பழையபடி அளவுக்கு ஒடுக்கி, திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்தப் பாவனைக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே யாரும் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். பன்றிக் காவலுக்கு உரிமத்தோடு ஷொட்கன் வைத்திருக்கிற விவசாயியும் உரிமத்தைக் காட்டித்தான் தோட்டா வாங்குகிறான். வீட்டில் இருந்து நிரப்பினால் மறியல்தான்.

ஏன் ஒடுக்க வேண்டும்? கோதின் வாய்ப்பக்கம் ஒடுங்கி, சன்னத்தைப் பிடித்திருக்கிற இடம்தான் கழுத்து. வெடிக்கும்போது அது விரிந்து சன்னத்தை விடுகிறது, துப்பாக்கி அறையின் சுவரோடு போய் ஒட்டி, காற்றுப் பின்னால் வராமல் அடைக்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்கும், பழைய அளவுக்கு வராது. அந்த வாய்க்குள் புதுச் சன்னத்தை வைத்தால் கிணற்றில் வாளி விழுகிற மாதிரி உள்ளே விழும். கழுத்துச் சுவரின் தடிப்பு கிட்டத்தட்ட 0.35 மில்லிமீற்றர். அதைச் சன்னத்தைவிட ஒரு தலைமுடி அளவு சிறிதாக்கினால் போதும், கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி கோதுக்குக் கோது மாறினால் சன்னம் போகும் வேகமும் மாறும், நூறு யார் தூரத்தில் கடதாசியில் ஓட்டைகள் சிதறும். மச்சானுக்குச் சிதறியது. அதோடு, நாலாம் முறை நிரப்பும்போது இருபதில் மூன்று கோதின் கழுத்தில் நெடுக்கு வெடிப்பு.

படம் அனுப்பினான். விரலால் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். வாய் விளிம்பில் இருந்து கீழே ஒரு கோடு, முடி ஒட்டியிருக்கிற மாதிரி. அப்பா அதை நகத்தால் துடைத்துப் பார்த்தார். போனின் கண்ணாடி என்று அவருக்கு விளங்கச் சில விநாடிகள் எடுத்தன.

"நெருப்புக் காட்டாம அடிச்சிருக்கான்" என்றார்.

"அவன் அடிக்கல்லப்பா, டைக்குள்ள விட்டு அமத்துறான்."

"அமத்தினா என்ன, அடிச்சா என்ன. பித்தளைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கீழே போட்டா என்ன சத்தம் வருது?" மச்சான் புதுக் கோது ஒன்றையும் நாலு முறை பாவித்த கோது ஒன்றையும் கராஜ் சீமெந்தில் போட்டுக் காட்டினான். அப்பா காதைப் போனோடு வைத்துக் கேட்டார். இரண்டும் ஒரே மாதிரி 'டிக்' என்றது. "இந்தப் போன் தகரம் மாதிரிக் கத்துது" என்று திருப்பித் தந்தார். பாத்திரத்தைச் சுண்டியே இறுக்கத்தைச் சொல்கிற காது அது, கோபம் வந்துவிட்டது.

பிறகு வேறு வழி சொன்னார். பாவித்த கோதில் ஒன்றைப் பலி கொடுத்து, குறட்டால் வாயை மெல்ல அமத்தி விட்டுப் பார்க்கச் சொன்னார். இளகின பித்தளை நசுங்கினபடி இருக்கும், இறுகினது எம்பித் திரும்பி வரும். மச்சான் செய்தான். முதல் அமத்தில் வாய் நீள்வட்டமாகி, விட்டதும் திரும்ப வட்டமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அமத்தினான். திரும்பியது. மூன்றாம் தரம் 'டக்' என்று வெடித்தது. அந்தச் சத்தம் மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது.

என் தொழிலில் இந்தத் திரும்பலோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். தகட்டை 90 பாகை வளைக்க வேண்டுமென்றால் 92-க்கு வளைத்து விட வேண்டும். இல்லாவிட்டால் எம்பி 88-இல் நிற்கும். உலோகம் இறுகியிருந்தால் எம்பல் கூடும். ஆக, ஒரே டைக்குள் போய் வந்தாலும் நாலு முறை வெடித்த கழுத்து கூட எம்பும், சன்னத்தைக் குறைவாகப் பிடிக்கும். ஒரு முறை வெடித்தது குறைவாக எம்பும், இறுக்கிப் பிடிக்கும். மச்சான் புதுக் கோதையும் பழைய கோதையும் ஒரே பெட்டியில் கலந்து வைத்திருந்தான். கடதாசியில் ஏன் சிதறியது என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அவனை உட்கார வைத்து அளவு எடுக்கச் சொன்னேன். சுட்டு வந்த கழுத்தின் வெளி விட்டம் 8.8 மில்லிமீற்றர். டைக்குள் போய் 8.4-க்கு ஒடுங்குகிறது. வெளியே இழுக்கும்போது டையின் நடுக்கம்பியில் இருக்கிற ஒரு இரும்பு உருண்டை கழுத்துக்குள்ளால் வந்து 8.55-க்கு விரிக்கிறது. இழுக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தமும் வருமாம். உள்பக்கம் எண்ணெய் தொடாமல் இழுத்திருக்கிறான்.

இதைக் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கதையிலேயே நல்ல கேள்வி: "ஒடுக்குறதும் அவன், விரிக்கிறதும் அவனா? ஒரு அடியில முடியிற வேலைக்கு ஏன் ரெண்டு அடி?"

கணக்குப் பார்த்தேன். 8.8-இல் இருந்து 8.55-க்கு வரத் தேவையான அசைவு 0.25. அவன் டையில் பித்தளை அசைவது 0.4 உள்ளே, 0.15 வெளியே, மொத்தம் 0.55. தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் இருக்கிறது. பொதுவான டை ஒன்று எல்லாக் கம்பனிக் கோதுக்கும் பொருந்த வேண்டும். மெல்லிய சுவரையும் பிடிக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் தேவைக்கு மேல் ஒடுக்கிவிட்டுப் பிறகு உருண்டையால் சரிசெய்கிறது. கடைச் செருப்பு எல்லாக் காலுக்கும் பெரிதாக இருக்கிற மாதிரி, இது எல்லாக் கழுத்துக்கும் சிறிது. போதாக்குறைக்கு லீ-என்ஃபீல்டின் அறையும் தாராளமானது. போர்க்களத்தில் சேறு பட்ட ரவையும் சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்று அகலமாகக் குடைந்தார்கள். அந்தப் பக்கமும் விரிவு கூட, இந்தப் பக்கமும் ஒடுக்கம் கூட. நடுவில் கிடந்து சாவது கழுத்து.

இதற்கு வேறு மாதிரி டை ஒன்று இருக்கிறது. நடுவில் சரியான அளவுக் கம்பி நிற்கும்; பிளவுபட்ட ஒரு பிடி வெளியே இருந்து கழுத்தை அந்தக் கம்பியோடு சேர்த்து அமத்தும். கம்பிக்கு மேல் ஒடுங்க இடமில்லை, இழுத்து விரிக்க உருண்டையும் இல்லை. உடம்பைத் தொடாது, கழுத்தை மட்டும் பிடிக்கும். குடத்தின் கழுத்தை நிமிர்த்த அப்பா வாய்க்குள் இரும்புக் கட்டையைச் செருகிவிட்டு வெளியே கொட்டாப்புளியால் தட்டுவார். அதே யோசனைதான். படத்தைக் காட்டியபோது, "இதைத்தானே அப்பவே வாங்கியிருக்கணும்" என்றார், ஏதோ களுவாஞ்சிகுடிச் சந்தையில் விற்கிற சாமான் மாதிரி.

உடம்பை விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. .303 கோதின் அடியில் விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பில்தான் அது அறைக்குள் தொங்கி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதையும் ஒடுக்கி, கழுத்துக்குக் கீழே சரிகிற தோளைப் பின்னால் தள்ளினால், அடுத்த வெடியில் தோள் திரும்ப முன்னால் ஓடும், அடிக்குக் கொஞ்சம் மேலே சுவர் இழுபட்டு மெலியும். சில தடவையில் அங்கே வெளியே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் எறிந்துவிட வேண்டும், யோசிக்கவே கூடாது. கழுத்து வெடித்தால் ஒரு கோது நட்டம். அடி பிரிந்தால் முகத்துக்குப் பக்கத்தில் பிரியும்.

சரி, இனி நெருப்பு. ரவைக் கோதுப் பித்தளையில் நூற்றுக்கு 70 செம்பு, 30 நாகம், அதாவது துத்தநாகம். அடித்தாலும் அமத்தினாலும் இழுத்தாலும் இறுகும். இளக்குவதற்கு ஒரே வழி சூடு. அப்பா இதை 'நெருப்புக் காட்டுறது' என்பார். குடத்துக்கு உமி நெருப்பு, செம்புக்குக் கரி. நாலு வட்டம் தட்டினால் ஒரு தரம் காட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு வட்டம் கூடத் தட்டினால் விளிம்பு வெடிக்கும். அப்படி வெடித்த ஒரு வட்டாவுக்காக ஒரு கல்யாண வீட்டுக்காரர் கொட்டில் வாசலில் நின்று ஏசியது எனக்கு இன்னும் ஞாபகம்.

கோதில் ஒரு சிக்கல். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான் சூடு காட்டலாம். அடி இறுகியே இருக்க வேண்டும். வெடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 45,000 இறாத்தலுக்கு மேல் அமுக்கம். லொறி டயரில் 100 இறாத்தல் காற்று இருந்தாலே நாம் தள்ளி நிற்கிறோம். அடி இளகியிருந்தால் அந்த அமுக்கத்தைத் தாங்க அங்கே ஒன்றும் இருக்காது. மச்சானோ கோதைத் தட்டில் வைத்து வீட்டுச் சூளையில் முழுசாகச் சூடாக்கலாமா என்று கேட்டான். இதைக் கேட்டதும் அப்பா போனை என் கையில் இருந்து பறித்தார். என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம்.

கடைசியில் செய்தது இப்படி. துளை போடும் மெஷினில் ஒரு கிண்ணம் மாட்டி, கோதின் அடியை அதற்குள் நிறுத்தி, மெல்லச் சுழல விட்டு, காஸ் டோர்ச்சின் நீல நாக்கைக் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஐந்தாறு விநாடி பிடிப்பது. பிறகு தண்ணீர்ச் சட்டிக்குள் தட்டுவது. 400 பாகை செல்சியஸ் அளவில் உருகுகிற பூச்சு ஒன்று விற்கிறார்கள், அதைக் கழுத்துக்குள் தடவி நேரத்தைப் பிடிக்கலாம். அப்பாவுக்குப் பூச்சில் நம்பிக்கை இல்லை. லைட்டை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவர் எப்போதும் நெருப்பு வேலை செய்வார். பகலில் சூட்டின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. இருட்டில் 'இருக்கா இல்லையா' என்கிற மாதிரி ஒரு சிவப்பு தொடங்கும், அந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். நல்லாச் சிவந்தால் கூடிப்போச்சு. அதற்கும் மேலே போனால் நாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், பித்தளை பிசைந்த மா மாதிரி ஆகிவிடும், சன்னத்தைப் பிடிக்காது.

தண்ணீரைப் பற்றி ஒரு வாக்குவாதம். தண்ணீரில் போட்டால் திரும்ப இறுகிவிடுமே என்று மச்சான் பயந்தான். அது இரும்புக்கு. பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான், காற்றில் ஆறவிட்டாலும் ஒன்றுதான். இங்கே தண்ணீர் எதற்கென்றால், கழுத்துச் சூடு கீழே இறங்கி அடியைத் தொடாமல் இருக்கத்தான்.

இந்த விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு பழைய கணக்குத் தீர்ந்தது. அப்பா பித்தளைப் பாத்திரத்தை மாட்டுக் கொட்டில் பக்கம் வைக்கவே விடமாட்டார். "மூத்திரக் காத்துப் பட்டா தானா வெடிக்கும்" என்பார். சின்ன வயதில் இதை வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்பதோடு சேர்த்து வைத்திருந்தேன். பார்த்தால், பிரித்தானியர் காலத்து இந்தியாவில் இராணுவம் ரவைகளைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைக்க, மாரி காலம் வந்ததும் யாரும் தொடாமலே கோதுகளில் கீறல் விழுந்து பிளந்திருக்கின்றன. மழைக் காலத்தில் பிளந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து எழும்புகிற அமோனியா, ஈரம், ஒடுக்கும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசை, மூன்றும் சேர்ந்த வேலை என்று 1921-இல்தான் விளக்கம் வந்தது. அதனால்தான் கோது மினுக்குகிறவர்கள் அமோனியா கலந்த பொலிஷைத் தொடுவதில்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "1921-ஆ?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அப்பாவுக்கு அது அதற்கு முந்தியே தெரியும் என்ற மாதிரி ஒரு முகம்.

கோதைக் கையில் பிடித்த ஞாபகம் எனக்கும் உண்டு. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வரம்பில் கிடக்கும். வாயில் வைத்து ஊதினால் நல்ல விசில். ஒரு நாள் ஒரு மனிதர் அரைச் சாக்குக் கோதைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்து, உருக்கத் தருகிறேன் என்று விலை பேசினார். அப்பா காந்தம் எடுத்து மேலால் பிடித்தார். பாதி தாவி வந்து ஒட்டியது; செப்புப் பூச்சுப் பூசிய இரும்பு. மீதி பித்தளைதான். அதையும் வாங்கவில்லை. ஒன்றாவது வெடிக்காததாக இருந்தால் உருக்கும்போது என்ன ஆகும் என்பது ஒரு காரணம். வழியில் சாக்கோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்பது மற்றது. அந்த மனிதர் போனதும் அம்மா என் சட்டைப் பையைத் தட்டி, விசிலைக் கண்டெடுத்து, வாவிக்குள் எறிந்துவிட்டு வந்தார்.

மச்சான் இப்போது கோதுகளை எத்தனையாம் வெடி என்று பிரித்துப் பெட்டியில் வைத்திருக்கிறான். மூன்று வெடிக்கு ஒரு தரம் நெருப்பு. புதிதாக வாங்கிய இருபதும் எட்டாம் வெடிக்கு வந்துவிட்டன. கழுத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. கம்பியில் பள்ளம் தட்டியதென்று ஒன்றை மட்டும் எறிந்திருக்கிறான். கடதாசியில் நாலு அங்குலமாகச் சிதறியது இப்போது இரண்டரைக்குள் வருகிறது. போன ஞாயிறு இதையெல்லாம் சொல்லி முடிக்க, அப்பா கேட்டார்: "மான் எத்தனை?"

"மான் இன்னும் கண்ணில படல்ல மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். கடதாசிக்கா இவ்வளவு நெருப்பு என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, எட்டாம் வெடிக் கோதின் வாயைக் கிட்டக் காட்டச் சொல்லி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அம்மா போனை வாங்கினார். மச்சான் பழப்புளியால் கழுவுகிறான் என்று எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மனே, அந்தச் சாமானைப் புளித் தண்ணிக்குள்ள கனநேரம் ஊறப் போடாத, செம்பு மாதிரிச் சிவந்து போகும். தேச்ச உடனே கழுவித் துடைச்சிரு" என்றார். பிறகு யன்னல் பக்கம் ஒருக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கத் தொடங்கினார்.